சுண்டைக்காயும் சுமைகூலியும்: ஐதான தாயப் பெருக்கத்தின் வேகம் பற்றி

கணனித் துறையிலே இன்று பேசப்படும் பெருமைகளுள் மிக உரக்கப் பேசப்படுவதும் மிகக் குறைவாக ஆராயப்படுவதும் வேகம் பற்றிய பெருமையே. ஒரு வரைவியற் செயலி விநாடிக்கு இத்தனை இலட்சங்கோடிச் செய்கைகளைச் செய்யும் என்று அதனை ஆக்கியோர் அச்சிட்டுத் தருகின்றனர். நாமும் அவ்வெண்ணை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலே எடுத்தெழுதி, "ஆதலால் இச்செயலியைத் தெரிவு செய்தோம்" என்று கூறி அமைதி கொள்கின்றோம். அவ்வெண்ணுக்கும் நாம் செய்யப்போகும் கணிப்புக்கும் யாதேனும் தொடர்பு உண்டா என்னும் வினா எழுவதில்லை. ஐதான தாயங்களின் பெருக்கத்தைப் பொறுத்தவரை அத்தொடர்பு மிகச் சொற்பம் என்பதும், அதனை மறைத்து வெளிவரும் "ஐம்பது மடங்கு", "நூறு மடங்கு" என்னும் முடிவுகள் ஆராய்ச்சி அல்ல, விளம்பரமே என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவ்வாறு கூறுவது சிலருக்கு மனவருத்தம் தரும் என்பதை அறிவேன். ஆயினும் ஆண்டுதோறும் நம் மாணவர் இந்தத் துறையில் இறங்குகின்றனர். அவர்களுக்கு எதை அளக்க வேண்டும் என்று சொல்லாமல் எவ்வளவு பெரிய எண்ணைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்க்கு அழகன்று.

மூலகங்களுட் பெரும்பாலானவை பூச்சியமாக உள்ள தாயம் ஐதான தாயம் எனப்படும். எத்தனை பூச்சியம் இருந்தால் ஐதானது என்பதற்கு எண் வரையறை இல்லை. அவற்றைப் பயன்படுத்திக்கொள்வது இலாபமாக அமையும் அளவுக்கு இருந்தாற் போதும் என்று ஜேம்ஸ் வில்கின்சன் கொண்ட கருத்தே இன்றும் வழக்கிலுள்ளது. பாலத்தின் தாங்குதிறன், மின்விநியோக வலை, வெப்பப் பரவல், இணையப் பக்கங்களுக்கிடையிலான தொடுப்புகள் ஆகிய யாவும் கணிதவடிவம் பெறும்போது இத்தகைய தாயங்களாகவே வந்து சேர்கின்றன. 1952இல் ஹெஸ்ரனெஸ், ஸ்ரீபல் ஆகிய இருவரும் வெளியிட்ட உடன்புணரிச் சாய்வு முறையும், 1998இல் பிரின், பேஜ் ஆகியோர் வெளியிட்ட பக்கத் தரப்படுத்தல் முறையும் ஒரே செய்கையைத்தான் மீண்டும் மீண்டும் செய்கின்றன: ஓர் ஐதான தாயத்தை ஒரு காவியாற் பெருக்குதல்.

ஓர் எளிய உதாரணத்தை முழுதாகக் கணித்துப் பார்ப்போம். சதுரத் தகடொன்றிலே வெப்பம் பரவுவதை அறிவதற்காக அதனைப் பக்கத்துக்கு 1000 புள்ளிகளாகப் பகுக்கின்றோம். தெரியாக் கணியங்கள் பத்து இலட்சம். ஒவ்வொரு புள்ளியும் தன்னோடும் தன் நான்கு அயற்புள்ளிகளோடும் மட்டுமே தொடர்புடையது. ஆகவே தாயத்தின் ஒவ்வொரு நிரையிலும் ஏறத்தாழ ஐந்து மூலகங்கள் மட்டும் பெறுமானம் உடையன. எஞ்சிய 999,995உம் பூச்சியம். பூச்சியங்களையும் சேர்த்துச் சேமித்தால் 8 தெராபைற்று வேண்டும். அவ்வளவு நினைவகம் உடைய ஒரு தனி வரைவியற் செயலி எங்கும் இல்லை. ஆகவே பூச்சியமல்லாத பெறுமானங்கள், அவை நிற்கும் நிரல்களின் சுட்டிகள், ஒவ்வொரு நிரையும் தொடங்கும் இடம் என மூன்று பட்டியல்களை மட்டும் வைத்துக்கொள்கின்றோம். இரட்டைத் திட்பத்திற் பெறுமானங்கள் 40 மெகாபைற்று, சுட்டிகள் 20, நிரைத் தொடக்கங்கள் 4, உள்வரும் காவி 8, வெளிவரும் காவி 8. மொத்தம் 80 மெகாபைற்று.

இனிச் செய்கைகளை எண்ணுவோம். ஐம்பது இலட்சம் பெருக்கல், ஐம்பது இலட்சம் கூட்டல். ஆக ஒரு கோடி. என்விடியா நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஏ100 செயலி இரட்டைத் திட்பத்தில் விநாடிக்கு 9.7 இலட்சங்கோடிச் செய்கைகளை ஆற்றவல்லது. அக்கணக்கின்படி நமது பெருக்கத்துக்கு ஒரு மைக்கிரோ விநாடி போதும். ஆனால் அச்செயலியின் 40 கிகாபைற்று நினைவகம் விநாடிக்கு 1555 கிகாபைற்றுத் தரவையே தரவல்லது. உள்வரும் காவி பதுக்கு நினைவகத்திலேயே தங்கி ஒரே முறை மட்டும் வாசிக்கப்படும் என்று தாராளமாகக் கொண்டாலும், 80 மெகாபைற்றை நகர்த்த 51 மைக்கிரோ விநாடி செல்லும். அதாவது ஐம்பத்தொரு பங்கு நேரத்தில் ஒரு பங்கே கணிதம். ஐம்பது பங்கு காத்திருத்தல். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது நம்மவர் பழமொழி. இங்கே சுமைகூலி அதனிலும் பன்மடங்கு கூடிவிட்டது. அச்சிட்ட வேகத்தில் நூற்றுக்கு இரண்டு கிடைத்தால் அது சிறந்த செய்நிரல். அதற்குமேல் எந்த மேதையாலும் இயலாது. 2022இல் வந்த எச்100 இந்த நிலையைச் சீர்செய்யவில்லை, மோசமாக்கியது. செய்கை வேகம் 9.7இலிருந்து 34க்கு, அஃதாவது மூன்றரை மடங்காக உயர்ந்தது. நினைவகத்தின் பட்டையகலமோ 3350 கிகாபைற்றாக, இரண்டு மடங்குக்குச் சற்று மேல் மட்டுமே உயர்ந்தது. அடர் தாயங்களைப் பெருக்குவோருக்கு அது திருவிழா. நமக்கு இடைவெளி அகன்றது.

இவ்வாறான பொறிகள் ஏன் ஆக்கப்படுகின்றன என்பதற்கு விடை தேடுவோர் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளிவரும் ரொப் 500 பட்டியலை நோக்க வேண்டும். உலகின் பெருங்கணனிகளை அப்பட்டியல் லின்பாக் சோதனையால் வரிசைப்படுத்துகின்றது. லின்பாக் அடர் தாயமொன்றைத் தீர்க்கும் சோதனை. ஒருமுறை கொண்டுவந்த தரவை மீண்டும் மீண்டும் பயன்படுத்த இடமளிப்பது. பரீட்சை வினா முன்கூட்டியே தெரிந்த மாணவன் எவ்வாறு ஆயத்தம் செய்வானோ அவ்வாறே பொறி ஆக்குவோரும் ஆயத்தம் செய்தனர். லின்பாக்கை ஆக்கியோருள் முதல்வரான ஜாக் டொங்காராவே இக்குறையை உணர்ந்து, தம் கூட்டாளிகளுடன் 2013இல் எச்.பி.சி.ஜி. என்னும் வேறொரு சோதனையை முன்வைத்தார். அது ஐதான தாயத்தோடு நடைபெறும் சோதனை. 2025 ஜூன் மாத முடிவுகளைப் பாருங்கள்: முதலிடம் பெற்ற எல் கபிற்றான் லின்பாக்கில் 1742 பெற்றாபுளொப், எச்.பி.சி.ஜி.யில் 17.41. சரியாக நூற்றில் ஒன்று. யப்பானின் புகாக்குவோ வரைவியற் செயலி ஒன்றேனும் இல்லாதது, லின்பாக்கில் 442 மட்டுமே பெற்றது, ஆயினும் எச்.பி.சி.ஜி.யில் 16.0 பெற்றுப் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. நான்கிலொரு பங்கு பெருமையுடைய பொறி, ஐதான தாயத்தின் முன் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றது. புகாக்குவின் செயலிகளிலே செய்கை வேகத்துக்கும் பட்டையகலத்துக்கும் இடையே பொருத்தம் கவனிக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். இந்த இரண்டு வரிகளையும் அருகருகே எழுதிக் காட்டினால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பத்திரிகை இரண்டாவது வரியை அச்சிட்டது?

ஐதான என்னும் சொல்லையே களவாடிய கதையையும் இவ்விடத்திற் சொல்லாதிருத்தல் இயலாது. ஏ100 முதலாக, அடுத்தடுத்துள்ள நான்கு பெறுமானங்களில் இரண்டு பூச்சியமாயின் வேகம் இரட்டிக்கும் என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. நரம்பு வலைகளின் நிறைகளைக் கத்தரித்துப் பயன்படுத்துவோருக்கு அதிற் பயன் உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆனால் 16 பிற்றுத் திட்பத்தில் 312 என்றிருந்த எண் அதனால் விவரத்தாளிலே 624 ஆயிற்று. பின்வந்த செயலிகளின் தாள்களில் இரட்டித்த எண் பெரிதாகவும், "ஐதாயின்" என்னும் நிபந்தனை சிறு நட்சத்திரக் குறியின் கீழும் வரலாயிற்று. பாதி பூச்சியமாக, அதுவும் நால்வருக்கு இருவர் என்று அணிவகுத்து நிற்கும் தாயத்தை ஐதானது என்பவர், மேற்சொன்ன தகட்டுத் தாயத்தை என்னவென்று அழைப்பார்? அதற்கு இந்த ஏற்பாட்டால் இம்மியும் உதவி இல்லை.

இனி நமது சொந்த வீட்டுக்கு வருவோம். வரைவியற் செயலி மையச் செயலியை விட நூறு மடங்கு வேகமானது என்று எழுதும் ஆய்வேடுகளை ஒரு பெருக்கற் கணக்கின்றி, ஒரு வகுத்தற் கணக்கால் மட்டும் சோதித்துவிடலாம். ஏ100 வெளிவருவதற்கு முந்திய ஆண்டில் வந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஈபிக் 7742 மையச் செயலிக்கு 64 கருக்களும், விநாடிக்கு 204.8 கிகாபைற்றுப் பட்டையகலமும் உண்டு. 1555ஐ 204.8ஆல் வகுத்தால் ஏழரைக்குச் சற்று மேல். பெருக்கத்தின் வேகத்தைச் சுமைகூலி தீர்மானிக்கும்போது, இரு பக்கத்துச் செய்நிரல்களும் செவ்வையாக எழுதப்பட்டிருப்பின் இதற்கு மிகையான வேறுபாடு வர வழியில்லை. வந்தால், மையச் செயலியின் 64 கருக்களில் 63 உறங்கியிருக்க வேண்டும். அன்றியும் அம்மையச் செயலியின் பதுக்கு நினைவகம் 256 மெகாபைற்று. நமது 80 மெகாபைற்றுத் தாயம் அதனுள்ளேயே அடங்கும் என்பதால் வேறுபாடு இன்னும் குறையலாம். 2010இல் இன்ரெல் நிறுவனத்து ஆய்வாளர் பதினான்கு வகைக் கணிப்புகளை இரு பக்கமும் கவனமாக எழுதி ஒப்பிட்டு, சராசரி வேறுபாடு இரண்டரை மடங்கே என்று காட்டினர். அவர்கள் கட்சிக்காரர் என்பது உண்மை. அவர்கள் தெரிந்த செயலிகள் பற்றியும் வாதங்கள் எழுந்தன. ஆனால் இரு பக்கமும் சமமாக உழைக்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையை மறுத்தவர் எவருமில்லர்.

வரைவியற் செயலியிற் பெருக்கத்தை விரைவாக்குவது வீண் வேலை என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. ஏழு மடங்கு சிறிய பொருளன்று. அந்த ஏழைப் பெறுவதே அரிது. அதுவே உண்மையான ஆராய்ச்சி. என்விடியாவின் செயலியில் இழைகள் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் கூடி ஒரே கட்டளையை ஏற்று நடக்கின்றன. அக்கூட்டத்துக்கு ஆங்கிலேயர் நெசவுச் சொல்லையே வைத்தனர். நாம் பாவு எனலாம். நிரைக்கு ஓர் இழை என்று வேலையைப் பகிர்ந்தால் இரண்டு தீங்குகள் நேரும். முதலாவது, அயலயலான இழைகள் நினைவகத்தில் அயலயலான இடங்களை வாசிக்க மாட்டா. 8 பைற்றுக்காக 32 பைற்றுத் துண்டமொன்று வந்து, எஞ்சியது பெரும்பாலும் வீணாகும். இரண்டாவது, நிரைகள் ஒரே நீளமானவை அல்ல. பாவொன்றில் 31 நிரைகளுக்கு மும்மூன்று மூலகங்களும் ஒன்றுக்கு ஆயிரமும் இருப்பின், 31 இழைகள் மூன்று அடி நடந்து நின்று, ஒருவன் ஆயிரம் அடி நடந்து முடிக்கும் வரை காத்திருக்கும். பயன் நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. தகட்டுத் தாயத்தில் இச்சிக்கல் இல்லை. இணையத் தொடுப்புகளிலும் சமூகத் தொடர்பு வலைகளிலும் இதுவே நாள்தோறும் நிகழ்வது.

2008இல் நேதன் பெல், மைக்கல் கார்லண்ட் ஆகியோர் நிரைக்கு ஒரு முழுப் பாவை ஒதுக்கியும், ஒழுங்கான பகுதியையும் ஒழுங்கற்ற எச்சத்தையும் வெவ்வேறு வடிவிற் சேமித்தும் இச்சிக்கலை அணுகினர். பின்னர் சேமிப்பு வடிவங்கள் புற்றீசல்போற் பெருகின. நிரைகளை நீளப்படி வரிசையாக்கித் துண்டங்களாக அடுக்குவது ஒன்று. மூலகங்களைச் சம அளவான ஓடுகளாக வெட்டுவது இன்னொன்று. ஒவ்வொன்றும் தனக்கேற்ற தாயத்திலே மற்றையவற்றை வெல்கின்றது. அதனை ஆக்கியோர் அத்தகைய தாயங்களையே அட்டவணையில் முன்னிறுத்துகின்றனர். இவற்றுள் என் மதிப்பைப் பெற்றது 2016இல் டுவேன் மெரில், கார்லண்ட் ஆகியோர் தந்த முறை. நிரைகளின் முடிவிடங்களையும் பூச்சியமல்லாத மூலகங்களையும் இரு வரிசைகளாகக் கருதி, அவற்றை ஒன்றிணைக்கும் பாதையைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி இழைகளுக்குப் பங்கிடுகின்றது அது. நீண்ட நிரை பலருக்குப் பிரிந்து செல்லும். குறுகிய நிரைகள் பல ஒருவரிடம் சேரும். எல்லாவற்றிலும் மேலாக, பழைய மூன்று பட்டியல்களே போதும். தாயத்தை வேறு வடிவுக்கு மாற்ற வேண்டியதில்லை. சிற்சில தாயங்களில் இம்முறை தோற்கும். ஆனால் எந்தத் தாயம் வந்தாலும் படுவீழ்ச்சி அடைவதில்லை. ஒரு முறையின் சிறப்பை அதன் உச்சத்தால் அன்றி அதன் மிகத் தாழ்ந்த பெறுபேற்றால் அளப்பதே முறை என்பேன்.

வடிவமாற்றத்துக்குச் செல்லும் நேரத்தை அட்டவணையிற் சேர்க்காது விடுவது இந்தத் துறையின் பெருந்தொற்று. ஒரு புதிய வடிவம் பெருக்கத்துக்கு நூற்றுக்கு இருபது நேரம் மிச்சப்படுத்துகின்றது, மாற்றுவதற்கு ஐம்பது பெருக்கங்களின் நேரம் எடுக்கின்றது எனக் கொள்வோம். 250 பெருக்கங்கள் முடிந்த பின்னரே முதல் தேறும். ஒரே தாயத்தை ஆயிரம் முறை பயன்படுத்துவோர்க்கு அது நல்ல வியாபாரம். ஒவ்வொரு நேரப்படியிலும் தாயம் மாறுவோர்க்கு நட்டம். இதைவிடப் பெரிய மறைவு தரவைச் செயலிக்குக் கொண்டுசெல்லும் கூலி. பதினாறு தடங்கொண்ட நான்காம் தலைமுறைப் பி.சி.ஐ. இணைப்பு விநாடிக்கு 32 கிகாபைற்றுக்கு மேல் ஏற்றாது. நமது தாயத்தின் 64 மெகாபைற்று அதன்வழியே செல்ல 2 மில்லி விநாடி. அந்நேரத்தில் நாற்பது பெருக்கங்களைச் செய்து முடித்திருக்கலாம். ஒரேயொரு பெருக்கத்துக்காகத் தாயத்தை அங்கே அனுப்புபவர் மையச் செயலியிலேயே அதனை முடித்துவிட்டு வீடு செல்லலாம்.

மெய்யான வேகம் சுமையைக் குறைப்பதிலேதான் இருக்கின்றது. பெறுமானங்களைத் தனித் திட்பத்தில் வைத்தாலே மூலகத்துக்கு 12 பைற்று 8 ஆகின்றது. ஒரு காவிக்குப் பதிலாகப் பல காவிகளை ஒருங்கே பெருக்கினால், ஒருமுறை கொண்டுவந்த தாயம் பலமுறை பயன்படும். 1980இல் டயான் ஓலியரி வெளியிட்ட தொகுதிச் சாய்வு முறை இதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே இடம் வகுத்தது. கணியங்களை மறுவரிசைப்படுத்தி மூலகங்களை மூலைவிட்டத்தின் அருகே நெருக்கினால், காவி பதுக்கு நினைவகத்தில் தங்கும். கத்தில், மக்கீ ஆகியோரின் அம்முறை 1969ஆம் ஆண்டினது. நமது தகட்டுத் தாயத்துக்கோ தாயமே வேண்டியதில்லை. ஐந்து குணகங்களும் எங்கும் ஒன்றாயின் அவற்றைச் செய்நிரலில் எழுதிவிட்டால், 80 மெகாபைற்று 16 ஆகச் சுருங்கும். இவை எவற்றுக்கும் புதிய பொறி வேண்டியதில்லை, கணிதம் வேண்டும். ஐதான தாயமொன்றை இன்னோர் ஐதான தாயத்தாற் பெருக்குவது வேறொரு பெருங்கடல். விடையில் எத்தனை மூலகம் வரும் என்பதே முன்கூட்டித் தெரியாத அக்கணக்குக்கு 1978இல் குஸ்ரவ்சன் காட்டிய வழியையே வரைவியற் செயலிகளும் இன்று பெரிதும் பின்பற்றுகின்றன.

"எம்மிடம் எச்100 இல்லை, ஆதலின் இத்துறையில் எம்மால் எதுவும் இயலாது" என்று கூறும் மாணவர்க்கும், அதனைத் தலையசைத்து ஏற்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். விளையாட்டுக் கணனிகளுக்கென 2021இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3060 அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் இரட்டைத் திட்ப வேகம் வேண்டுமென்றே தனித் திட்பத்தின் 64இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. விநாடிக்கு 20,000 கோடிச் செய்கைகளுக்குச் சற்றுக் குறைவு. ஆராய்ச்சிக்கு அது உதவாது என்பது பொதுவான எண்ணம். ஆனால் அதன் பட்டையகலம் 360 கிகாபைற்று. மூலகமொன்றுக்கு 12 பைற்றும் 2 செய்கையும் என்று கணித்தால், நினைவகம் ஊட்டக்கூடியது விநாடிக்கு 6,000 கோடிச் செய்கை மட்டுமே. முடமாக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த வேகம் நமது தேவைக்கு மும்மடங்கு மிகை! அதே முப்பத்திரண்டு இழைப் பாவு, அதே துண்டங்கள், அதே காத்திருப்பு. பட்டையகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை எட்டினோம் என்று அளந்தால், அந்த அட்டையிற் பெற்ற முடிவும் கோடிக்கணக்கான பெறுமதியுடைய நிலையத்திற் பெற்ற முடிவும் ஒரே தராசில் நிற்கும். மடங்கு என்று அளந்தால் மட்டுமே பணமுள்ளவன் வெல்வான்.

சில காலத்துக்கு முன் ஆய்வேடொன்றை வாசிக்க நேர்ந்தது. ஐதான தாயப் பெருக்கத்தில் ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு வேகம் என்றது அது. மையச் செயலியில் எத்தனை கருக்கள் இயங்கின என்று கேட்டேன். ஒன்று என்றார் மாணவர். தரவு சென்றுவந்த நேரம் சேர்ந்ததா என்றேன்; இல்லை என்றார். பட்டையகலத்தில் எத்தனை பங்கு என்ற வினாவுக்கு விடையே இல்லை. அருகிலிருந்த பரீட்சகரொருவர், மாநாட்டுக்கு அனுப்புவதாயின் இவ்வினாக்களைக் கிளறாதிருப்பது நல்லது என்று மெல்லக் கூறினார். மாணவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது தொண்ணூறு ஆறுக்குச் சற்றுக் குறைவாகியிருந்தது. வடிவமாற்ற நேரத்துக்குத் தனி நிரலொன்றும், அட்டை தோற்ற தாயங்களுக்குத் தனி அட்டவணையொன்றும் சேர்ந்திருந்தன. பட்டையகலத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டு எட்டப்பட்டிருந்தது. அந்த எழுபத்தெட்டை முகப்பிற் போடலாமா, பிறர் நகைப்பார்களா என்று அவர் கேட்டார். போடுங்கள் என்றேன்.